முத்திரை இல்லாத விமான நிலையம்

பாரிஸுக்குப் போய் வருகிறவர்கள் கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் அந்தக் கோபுரத்தை ரயில் ஜன்னல் வழியாக அரை நிமிஷம் பார்த்தேன், அவ்வளவுதான். இந்தப் பயணத்தில் எனக்குப் பார்க்கக் கிடைத்தவை பெரும்பாலும் தராசுகள். தொழில் அப்படி. காரைக்காலில் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருக்கிறேன். மளிகைக் கடைத் தராசு, பெட்ரோல் பங்க் குழாய், துணிக்கடை மீட்டர் கோல், மீன் மார்க்கெட் எடைக்கல் எல்லாவற்றையும் வருஷத்துக்கொரு முறை சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்திக் கொடுப்பது என் வேலை. என் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘முத்திரை சாரு’ என்று கேட்டால் கோவில்பத்தில் என் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

என் அக்கா பாரிஸை ஒட்டிய புறநகர் ஒன்றில் இருக்கிறாள். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம். டிக்கெட்டையே அனுப்பிவிட்டார்கள். வெளிநாடு போக அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டதில் அலுவலகம் முழுக்கச் செய்தி பரவியது. அலுவலகத்துக்குத் தெரிந்தால் மீன் மார்க்கெட்டுக்கும் தெரியும்.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கருக்களாச்சேரி அமிர்தவல்லி அம்மா அலுவலகத்துக்கு வந்தார். மார்க்கெட்டில் மூன்றாவது மேடை அவருடையது. ஐம்பது வயதிருக்கும். தராசோடு வருகிறவர் அன்று வெறுங்கையோடு வந்திருந்தார்.

“சாரு, நீங்க பாரீசு போறீங்களாமே? எம் மவ கலைவாணியும் அங்கதாங்க இருக்கு. உங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. மாசமா இருக்கு. இன்னும் இருவது நாள்தான். எனக்கு விசா வந்துடுச்சு. மருமவன் உங்க ஏரோப்ளேன்லயே டிக்கெட்டும் எடுத்துடுச்சு. ஒண்டியாப் போவ பயமா இருக்கு. உங்க பின்னாலயே வந்துடுறேன்.”

நான் யோசித்தேன். ஆய்வாளரும் வியாபாரியும் ஒரே விமானத்தில் வெளிநாடு போனார்கள் என்று எவனாவது மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டால் என்ன ஆவது? ஆனால் முதல் பிரசவம். அங்கே அந்தப் பெண்ணுக்கு வேறு யாரும் இல்லை. “வாங்கம்மா” என்றேன். “சாமான் மட்டும் இருவது கிலோவுக்கு மேல போவக்கூடாது. அதை நீங்க பாத்துக்கங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், யாரிடம் போய் எடையைப் பற்றிச் சொல்கிறாய் என்பது இருந்தது.

ஊரிலிருந்து புறப்பட்டதையும் வேன் டிரைவர் ராஜேந்திரன் வழி நெடுக ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டதையும் விட்டுவிடுகிறேன். முதல் நாளே போய் லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர்களுடைய வக்கீலுக்கு வேலை வந்துவிடும். புதிதாகத் தனியார் கட்டி, தனியாரே நடத்தும் நிலையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அரசாங்கம் நடத்திய பழைய நிலையம் ஊருக்குள் இருந்தது. மழை பெய்தால் ஒழுகும், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஆனால் வாசலில் நாலு டீக்கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே நல்ல டீ போடுவார்கள். புதியது திறந்த அன்றே பழையதைப் பூட்டிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று வரவும் கூடாது என்று ஒப்பந்தமாம். ஒரே மாப்பிள்ளை, அவரையேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

வாசலில் வண்டி மூன்று நிமிஷத்துக்கு மேல் நின்றால் அபராதம் என்று பலகை இருந்தது. ராஜேந்திரன் பதறிப் போனார். “எறங்குங்க, எறங்குங்க! அந்த விசில்காரன் நம்மளையே பாக்குறான்!” என்று கத்திக்கொண்டே பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டார். அவர் போன பிறகுதான் அமிர்தவல்லி அம்மா குனிந்து பார்த்தார். காலில் செருப்பில்லை. வேனில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர், செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தார்.

“போனாப் போவுது சாரு. கடக்கரையில நடக்குற காலு” என்றார். அப்படித்தான் அவர் பாரிஸுக்கு வெறுங்காலோடு புறப்பட்டார்.

உள்ளே கண்ணாடியும் பளிங்கும். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போன்ற தரை. பயணிகள் இந்த நிலையத்தின் வளர்ச்சிக்காகக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு தனிக் கவுன்ட்டர். கட்டி முடித்துத் திறந்தும் விட்டார்கள், இதற்கு மேலும் வளர்ப்பது நம் பொறுப்பு போலிருக்கிறது. சாப்பிட மூன்று கடைகள். ஒன்றின் பலகையில் வாழை இலை, இன்னொன்றில் காபிக் கோப்பை, மூன்றாவதில் தொப்பி போட்ட சமையல்காரர். தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறதே என்று முதல் கடையில் வடை வாங்கினேன். உளுந்தைத் தொலைத்த வடை. இரண்டாவது கடையில் வாங்கிப் பார்த்தேன், அதே வடை. மூன்று கடை பில்லிலும் அடியில் ஒரே நிறுவனத்தின் பெயர். பின்பக்கக் கதவு திறந்தபோது பார்த்தேன், மூன்றுக்கும் ஒரே அடுக்களை.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு வாங்கினேன். கையில் வாங்கியதும் லேபிளைப் படிப்பது என் வியாதி. அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்ட இடத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். அடியில் வெளியில் விற்கும் விலை, மேலே அதைப் போல இரண்டு மடங்கு.

“தம்பி, இப்படி ஒட்டக் கூடாது, தெரியுமா?” என்றேன்.

கடைக்காரர் பணிவாகச் சொன்னார்: “சார், அது வெளியில எம்.ஆர்.பி. இது ஏர்போர்ட் எம்.ஆர்.பி.”

இருபத்திரண்டு வருஷம் இந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறேன். விலைக்கு ஊர் மாறினால் ஜாதகம் மாறும் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் என் அதிகாரம் காரைக்கால் எல்லையோடு முடிகிறது. அந்தப் பளிங்குத் தரையில் நானும் ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் துபாய்க்குத் திரும்பும் கொத்தனார் ஒருவர் நின்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவருடைய பெட்டி மூன்று கிலோ அதிகம் என்றார்கள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஒரு முறுக்கு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் ஒரு புதுப் போர்வையையும் எடுத்து வெளியே வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முறுக்கையும் ஊறுகாயையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். போர்வையை உடம்பில் சுற்றிக்கொண்டார். துபாய் வெயிலுக்குப் போர்வையோடு போகிற முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்தது அமிர்தவல்லி அம்மா. பெட்டியைத் தராசில் வைத்தோம். திரையில் இருபத்து மூன்றரை.

“மேம், மூணரை கிலோ அதிகம்” என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். வேற்று மாநிலத்துத் தமிழ், ஆனால் மரியாதையான தமிழ். “பணம் கட்டுங்க. இல்லேன்னா சாமான் எடுத்துடுங்க.”

“இருவதுதாம்மா” என்றார் அமிர்தவல்லி அம்மா. “நேத்து எந் தராசுல போட்டுத்தான் கட்டுனேன். பொட்டி மூணே கால், சாமான் பதினாறே முக்கா.”

“மிஷின் சொல்லுதே மேம்.”

அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு சாண் தூக்கினார். ஒரு நொடி அப்படியே நிறுத்தினார். கீழே வைத்தார். “இருவது. நூறு கிராம் முன்னப் பின்ன இருக்கும். இந்தத் தராசு பொய் சொல்லுது.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பத்து வருஷமாக அந்தக் கை மீனைத் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். வஞ்சிரத்தைக் கையில் எடுத்து ‘ஒண்ணே கால்’ என்று சொல்லிவிட்டுத்தான் தராசில் போடுவார். தராசு அவருக்குச் சாட்சி.

நான் குனிந்து அந்த எந்திரத்தின் நான்கு பக்கமும் பார்த்தேன். முத்திரை இல்லை. சோதித்த தேதி இல்லை. யார் சோதித்தார்கள் என்ற எழுத்தும் இல்லை. பொம்மைக் கடைத் தராசில்கூட ‘வியாபாரத்துக்கு அல்ல’ என்று எழுதியிருப்பார்கள்.

“இதுக்கு முத்திரை எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“அப்படின்னா சார்?”

“அரசாங்கம் சோதிச்சுக் குத்துற முத்திரை.”

“இது பிரைவேட் ஏர்போர்ட் சார்” என்றாள், எல்லாவற்றுக்கும் அது பதில் என்பது போல.

அமிர்தவல்லி அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார். “சாரு, எதை எடுக்கச் சொல்றாங்க? பால்சுறாக் கருவாடா? பெத்தவளுக்குப் பால் ஊற அதாங்க குடுக்கணும். பிரசவ லேகியமா? எதை எடுக்க?” அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். மார்க்கெட்டில் ஆறு பேரோடு ஒரே நேரத்தில் சண்டை போடுகிறவர். “எடுத்துடலாம் சாரு. ஏரோப்ளேன் போயிடப் போவுது. எம் மவளைப் பாத்தாப் போதும்.”

விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கவுன்ட்டர் மூட நாற்பது நிமிஷம் இருந்தது. ஆனால் கையில் தண்ணீர் பாட்டில் கனத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எங்கள் துறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

என் இரண்டு பாட்டிலையும் தராசில் வைத்தேன். பின்னால் திரும்பி, “திறக்காத தண்ணி பாட்டில் யாராவது வச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன். மூன்று கைகள் நீண்டன. கட்டடத்துக்குள் ஒரே கம்பெனித் தண்ணீர்தான் விற்கும் என்பதால் ஐந்தும் ஒரே அச்சு, ஒரே அளவு. ஏகபோகத்தால் பொதுமக்களுக்கு ஏற்பட்ட ஒரே நன்மை என்று அதை நான் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து லிட்டர், பிளாஸ்டிக்கையும் சேர்த்தால் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

திரை ஆறு என்றது.

வரிசை இப்போது வரிசையாக இல்லை, வட்டமாகிவிட்டது. “எங்கிட்டயும் இதே தராசுலதான் பணம் வாங்குனாங்க!” என்றார் ஒரு பெரியவர். போர்வை சுற்றிய கொத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து திரையைப் பார்த்தார். குப்பைத் தொட்டிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. சுத்தம் செய்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். நிலையம் அவ்வளவு சுத்தம்.

“எங்க அம்மா சுட்ட முறுக்குங்க” என்றார் என்னைப் பார்த்து.

கோட்டுப் போட்ட மேலாளர் ஒருவர் வந்தார். தராசைப் பார்க்கவில்லை, பாட்டில்களைப் பார்த்தார். தராசின் மேல் தண்ணீர் வைப்பது பாதுகாப்பு விதிக்கு முரண் என்றார். நான் செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்கப் போனேன். படம் எடுப்பதும் பாதுகாப்பு விதிக்கு முரண். புகார்ப் புத்தகம் கேட்டேன். தராசு நிலையத்துடையதல்ல, விமானக் கம்பெனியுடையது என்றார். விமானக் கம்பெனி ஆளைக் கேட்டால், தராசை இயக்குவது வேறொரு ஒப்பந்தக் கம்பெனி. ஒப்பந்தக் கம்பெனிக்காரர், தரையோடு சேர்த்துப் பொருத்திய எந்திரம் நிலையத்தைச் சேர்ந்தது என்றார். மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டு நின்றார்கள்.

அமிர்தவல்லி அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “யாரு தராசோ எவரு தராசோ! எங்க மார்க்கெட்டுல இப்புடி ஒருத்தி எடை போட்டா மீனைத் தூக்கி மூஞ்சியில எறிவோம். நீங்க கோட்டு போட்டிருக்கீங்கன்னு சும்மா நிக்கிறேன்!”

அந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேலாளர் எங்களைப் பக்கத்துக் கவுன்ட்டருக்கு அழைத்துப் போனார். அந்தத் தராசிலும் முத்திரை இல்லை. பெட்டியை வைத்தோம். இருபது புள்ளி ஒன்று.

“நூறு கிராம்” என்றார் அமிர்தவல்லி அம்மா.

கவுன்ட்டர் பெண் பொய்த் தராசின் மேல் ‘பழுது’ என்று ஒரு காகிதத்தை ஒட்டினாள். ஒட்டும்போது என்னிடம் மெல்லிய குரலில், “நானும் ஒரு மாசமா சொல்லிட்டு இருக்கேன் சார்” என்றாள். அவள் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று பெரியவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கொத்தனாரின் முறுக்கைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் வழி தெரியவில்லை. தண்ணீர் பாட்டில்களைச் சோதனை வாசலில் பறித்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் தாகம். அங்கே அதே கம்பெனித் தண்ணீர், இன்னொரு ஸ்டிக்கரோடு.

விமானத்தில் அமிர்தவல்லி அம்மா சாப்பாட்டுத் தட்டைத் திறந்து மீன் துண்டை முகர்ந்து பார்த்தார். “ஐசுல ஆறு மாசம் கெடந்தது” என்று மூடிவிட்டார். ரொட்டியும் வெண்ணெயும் எனக்கு வந்தது. இடையில் வளைகுடா நாடொன்றில் விமானம் மாறினோம். பளிங்குத் தரையின் குளிர் காலில் ஏறுகிறது என்று நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தே நான்கு மணி நேரத்தையும் கழித்தார். பாரிஸில் இறங்கியபோது வசந்த காலம் என்றார்கள். நம் ஊர் மார்கழியைவிட இரண்டு மடங்கு குளிர். அக்கா ஓடி வந்து, முதலில் என்னை விசாரிக்காமல் அந்தக் கால்களைப் பார்த்து, தன் காலுறையையும் செருப்பையும் அங்கேயே கழற்றிக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் அறுபதாம் கல்யாணம். ஐயர் தொலைபேசியில் மந்திரம் சொன்னார், அத்தான் பிரெஞ்சு உச்சரிப்பில் திருப்பிச் சொன்னார். அதை விட்டுவிடுகிறேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா எங்களை அந்தப் பேட்டையின் வாரச்சந்தைக்கு அழைத்துப் போனாள். நம் திருமலைராயன்பட்டினம் சந்தை மாதிரிதான், கூவுகிற மொழி மட்டும் வேறு. ஒருவன் தக்காளிக்குக் கூவினால் எதிர்க்கடைக்காரன் அதைவிடக் குறைத்துக் கூவினான். எனக்கு அந்தக் கூச்சல் இதமாக இருந்தது.

மீன்கடையில் தராசு, வாங்குகிறவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் பச்சையாக ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு, இன்ன மாதம் வரை செல்லும் என்று எண்களோடு. நான் அதன் முன்னால் நின்ற விதத்தைப் பார்த்து அக்கா, “கோயிலுக்கு வந்த மாதிரி நிக்கிறியேடா” என்றாள்.

அமிர்தவல்லி அம்மா ஒரு மீனைக் கையில் தூக்கினார். மீசைக்காரரான கடைக்காரர் பதறிப்போய் ஏதோ சொன்னார். ‘தொடக்கூடாது, காட்டினால் போதும்’ என்று அக்கா மொழிபெயர்த்தாள்.

“எண்ணூத்தி அம்பது” என்றார் அமிர்தவல்லி அம்மா.

அக்கா அதைப் பிரெஞ்சில் சொன்னாள். கடைக்காரர் தராசில் போட்டார். எண்ணூற்று நாற்பது. அவர் புருவத்தைத் தூக்கி இன்னொரு மீனைத் தானே எடுத்து நீட்டினார். அதுவும் சரி. மூன்றாவதும் சரி. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். “அம்மா தொழில்காரரா?” என்று அவர் கேட்டதாக அக்கா சொன்னாள்.

“ஆமான்னு சொல்லும்மா. அப்புறம் இதயும் சொல்லு: மூணாவது மீனுக்குக் கண்ணு கலங்கியிருக்கு. அது நேத்து மீனு.”

அக்கா அவரிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். என்ன சொன்னாய் என்று நான் பிறகு கேட்டேன். “உங்க மீன் ரொம்ப அழகுன்னு பாராட்டுறாங்கன்னு சொன்னேன்” என்றாள்.

ஒன்பதாம் நாள் கலைவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக. அன்று அந்த எடைத் தகராறில் விமானத்தை விட்டிருந்தால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைத்திருக்குமோ. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அமிர்தவல்லி அம்மா குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

“எவ்வளவும்மா?” என்று கேட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். “தெரியலிங்க சாரு” என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை காலியாக இல்லை.

நான் பதினைந்தாம் நாள் தனியாகத் திரும்பினேன். பாரிஸ் விமான நிலையத்திலும் காபி கொள்ளை விலைதான், அதில் தேசபக்தி பாராட்ட எதுவும் இல்லை. ஆனால் விலைப் பட்டியலை வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள். கொள்ளையை முன்கூட்டியே எழுதிச் சொல்வதும் ஒரு மரியாதைதான்.

ஊர் வந்ததும் கடிதங்கள் எழுதினேன். அரசு ஊழியனாக இல்லாமல் பயணியாக, என் சொந்தத் தாளில், சொந்தத் தபால் தலையில். விமான நிலையம், தங்கள் கருத்தை மிகவும் மதிப்பதாகவும் விமானக் கம்பெனியை அணுகும்படியும் பதில் போட்டது. விமானக் கம்பெனி ஒப்பந்தக் கம்பெனியை அணுகச் சொன்னது. ஒப்பந்தக் கம்பெனி விமான நிலையத்தை அணுகச் சொன்னது. மூன்று பெயர்ப்பலகைக்கும் ஒரே அடுக்களை என்பதைப் பற்றி டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். இதுபோன்ற விஷயங்களை விசாரிக்க அமைப்பு ஏற்படுத்தப்பட்டுவிட்டது, உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டதும் தங்கள் கடிதம் அவர்கள் முன் வைக்கப்படும் என்று பதில் வந்தது. காலியான நாற்காலிகளுக்கு முன்னால் என் கடிதம் காத்திருக்கிறது.

கடைசியில் மூர்த்தியின் நினைவு வந்தது. பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியவர். அந்த விமான நிலையம் இருக்கும் ஊரில் எங்கள் துறையிலேயே அதிகாரி. அவருக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“போனேன். வாசல்ல நிறுத்திட்டாங்க. அடையாள அட்டையைக் காட்டினேன். உள்ளே நுழைய பாஸ் இருக்கான்னு கேட்டாங்க. சோதனைக்கு வந்திருக்கேன்னு சொன்னேன். சோதனைக்கு வர்றதுன்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணுமாம்.”

“அப்புறம்?”

“பார்வையாளர் டிக்கெட் வாங்கிட்டு உள்ளே போனேன். வழியனுப்ப வந்தவங்களோட வரிசையில நின்னு.”

“தராசு?”

“ஒண்ணுலகூட முத்திரை இல்ல. நீ சொன்னது மட்டும்தான் தப்பா எடை போடுது. ‘பழுது’ன்னு ஒட்டின காகிதம் இல்ல, மறுபடி ஓடிட்டு இருந்துது. அதை நிறுத்திட்டேன். மத்ததுக்கு நோட்டீஸ் குடுத்திருக்கேன்.”

வெற்றிதான். நல்ல செய்தியைச் சொல்ல நேரே மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அமிர்தவல்லி அம்மா ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. கொடுவாவுக்குச் செதில் எடுத்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

“அப்ப தராசை எல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாராங்க உங்க சிநேகிதரு?”

“இல்லம்மா. நோட்டீசு. முப்பது நாளுக்குள்ள எல்லாத்துக்கும் முத்திரை வச்சாவணும்.”

“முப்பது நாளா?” கத்தியைக் கீழே வைத்தார். “போன வருசம் நம்ம அஞ்சலை தராசுல முத்திரை தேதி முடிஞ்சு நாலு நாளுதாங்க ஆச்சு. நீங்கதான வந்தீங்க? அப்பவே தூக்கி ஜீப்புல போட்டீங்க. எடை சரியாத்தான் இருந்துச்சு, நீங்களே சொன்னீங்க. அஞ்சலை ஒரு வாரம் பூரா எந் தராசுக்கு முன்னால வந்து நின்னு, நான் வித்து முடிச்ச பெறவுதான் வித்துச்சு. அதுக்குள்ள மீனு என்னா ஆவும்?”

“சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா” என்றேன்.

“சரிங்க. யாருக்கு நோட்டீசு, யாருக்கு ஜீப்புன்னு அந்தச் சட்டத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் படித்த புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். அப்படி ஒரு பக்கம் இல்லை. மூர்த்தி விமான நிலையத்தில் செய்தது சட்டப்படி சரி. நான் மார்க்கெட்டில் செய்ததும் சட்டப்படி சரி. எதைச் செய்வது என்று அதிகாரி முடிவு செய்யலாம். முடிவு செய்யும் இடத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எதிரே நிற்பவர் காலில் செருப்பு இருக்கிறதா என்று கண் தானாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த மாதம் மார்க்கெட் சோதனைக்குப் போனபோது இரண்டு தராசுகளில் முத்திரை தேதி தாண்டியிருந்தது. எடை சரி. ஜீப் டிரைவர் வழக்கம்போல அவற்றை எடுக்கக் கை நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். நோட்டீசுப் படிவம் பீரோவில் இருபது வருஷமாகத் தொடாமல் கிடந்ததைத் தேடி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முப்பது நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டு பெண்களும் அது என்ன காகிதம் என்று புரியாமல், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி ஓடினார்கள்.

பறிமுதல் செய்யாததற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. விமான நிலையத்துக்குத் தரப்பட்ட அவகாசம் மீன் மார்க்கெட்டுக்கும் பொருந்தும் எனக் கருதுகிறேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நோட்டீசு கொடுத்த மறுநாளே காலை ஒன்பது மணிக்கு, அலுவலகம் திறப்பதற்கு முன்பே, இரண்டு பெண்களும் தராசைத் தலையில் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றார்கள். முத்திரை வைத்து அனுப்பினேன். அன்று மத்தியானம் மூர்த்தி கூப்பிட்டார். விமான நிலையம் இன்னும் முப்பது நாள் அவகாசம் கேட்டிருக்கிறதாம்.